பெட்டி சொன்ன ஈரம்

எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும்னு எல்லாரும் சொல்வாங்க. சுத்தப் பொய். மூக்கு வரைக்கும்தான் வரும். அதுக்கு மேல வந்தது, என் வீட்டுக்காரர் நடு ரோட்டுல, ரோலர் மேல உக்காந்துகிட்டு, அத்தனை பேர் காது கேக்க, "மேடம், உங்க பெட்டி பொய் சொல்லுது"ன்னு கத்தின அன்னைக்குத்தான்.

யார் யாருன்னு முதல்லயே சொல்லிடறேன், இல்லாட்டி குழம்பிடும். நான் நகராட்சிப் பரிசோதனைக் கூடத்துல வேலை பார்க்கிறேன். ரோட்டுல தாருக்குக் கீழ ஜல்லியைக் கொட்டிப் பரப்பி, ரோலர் விட்டு அழுத்துவாங்க. அது போதுமான அளவு இறுகியிருக்கா, ஈரம் சரியா இருக்கான்னு அளந்து எழுதுறது என் வேலை. அதுக்குன்னு ஒரு மஞ்சள் பெட்டி இருக்கு. ஜல்லி மேல வச்சு, கம்பியை உள்ள இறக்கி, பொத்தானை அமுக்கினா ஒரு நிமிஷத்துல ஈரம் இவ்வளவு, இறுக்கம் இவ்வளவுன்னு காட்டிடும். பதினெட்டு வருஷமா அந்தப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு அலையிறேன். நான் எழுதின எண்ணை ஒருத்தரும் இதுவரைக்கும் ஏன்னு கேட்டதில்ல. அதுல எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம்னு நான் சொல்றேன், வீட்டுல கேட்டா வேற கணக்கு சொல்வாங்க.

வீட்டுக்காரர் நான் அளக்கிற ரோட்டுலயே ரோலர் ஓட்டுறவர். வீட்டுல "ஏம்மா"ன்னு கூப்பிடுவார், ரோட்டுல இறங்கிட்டா "மேடம்". நானும் விடமாட்டேன், "டிரைவர் சார்"னுதான் கூப்பிடுவேன். பார்க்கிறவங்களுக்கு அது மரியாதையாத் தெரியும். எங்களுக்குத்தான் தெரியும் அதுல எவ்வளவு நக்கல் இருக்குன்னு.

அப்புறம் என் அக்கா. கட்டடம் இடிக்கிற இடத்துல மேஸ்திரியா இருந்தவ. ஏழு வருஷத்துக்கு முன்னாடி ஊருக்கு வெளியே நகராட்சி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ஒரு யார்டு ஆரம்பிச்சா. இடிச்ச கட்டடத்துக் காங்கிரீட்டை லாரி லாரியாக் கொண்டுவந்து, கம்பியை உருவி, மரம், பிளாஸ்டிக், டைல்ஸ் எல்லாத்தையும் பொறுக்கித் தள்ளிட்டு, கிரஷர்ல போட்டு உடைச்சு ஜல்லியாக்குவா. இருபத்தாறு பேர் அவகிட்ட வேலை செய்யிறாங்க. "மலையை வெட்டாமலே ரோடு போடலாம்டி. ஊருக்குள்ளேயே மலை கிடக்கு, குப்பைன்னு பேரு வச்சிருக்கோம்"னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். பள்ளம் ரொப்ப வாங்குவாங்க. ரோட்டுக்குன்னு கேட்டா மூஞ்சியைச் சுளிப்பாங்க.

இந்த வருஷம்தான் நகராட்சி மனசு வச்சுது. பஸ் டிப்போவுக்குப் போற தெருவுல நூறே நூறு மீட்டர், அவ ஜல்லியைப் போட்டுப் பார்க்கலாம். தேறிட்டா, ஊருல இருக்கிற உள்தெருவுக்கெல்லாம் அதே ஜல்லி. தேறலைன்னா, அதைச் சுரண்டி எடுத்துட்டு வழக்கம்போல குவாரி ஜல்லி. யார்டோட குத்தகையும் அதோட முடிஞ்சுது, நிலத்தை டிப்போவுக்குக் கொடுத்துடுவாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் கெடு.

தங்கச்சியே அக்காவோட ஜல்லியை அளக்கலாமான்னு நான்தான் முதல்ல கேட்டேன். எங்க இன்ஜினியர் சார் சிரிச்சார். "பெட்டிக்கு அக்கா தங்கச்சி கிடையாதும்மா. உங்களைப் பத்தி எனக்குத் தெரியும், நீங்க அளங்க"ன்னார். அதைக் கேட்டு எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு.

திங்கக்கிழமை ஜல்லியைப் பரப்பினாங்க. பெட்டியை வச்சேன். ஈரம் நூத்துக்குப் பதினொண்ணுன்னு காட்டுச்சு. அந்த ஜல்லிக்குத் தேவையும் பதினொண்ணுதான், முன்னாடியே கூடத்துல பார்த்து வச்சிருந்தோம். சரியா இருக்கு, ரோலர் விடலாம்னேன். எட்டு தடவை போய் வந்துச்சு. இறுக்கம் நூத்துக்குத் தொண்ணூத்தியெட்டு வரணும், தொண்ணூத்திரண்டுதான் வந்துச்சு. இன்னும் நாலு தடவை ஓட்டினாங்க. அப்பவும் அதே தொண்ணூத்திரண்டு.

செவ்வாய்க்கிழமை எல்லாத்தையும் கிளறிவிட்டு மறுபடியும் பரப்பினாங்க. மறுபடியும் அதே கதை. அப்பத்தான் வீட்டுக்காரர் ரோலரை நிறுத்திட்டு, "தண்ணி லாரியைக் கூப்பிடுங்க மேடம், புழுதி பறக்குது, சக்கரத்துக்குக் கீழ கல்லு ஒண்ணோட ஒண்ணு சேரவே மாட்டேங்குது"ன்னார்.

"ஈரம் பதினொண்ணு இருக்கு டிரைவர் சார். இதுக்கு மேல தண்ணி விட்டா சேறுதான் ஆகும்."

"அப்போ இந்தப் புழுதி எங்கேருந்து வருது? ஆகாசத்துலேருந்தா?"

"நீங்க ஓட்டுற லட்சணத்துல வருது."

பக்கத்துல நின்னவங்க கொல்லுன்னு சிரிச்சாங்க. அவர் முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிச்சுது. அப்பத்தான் அந்த வார்த்தையைச் சொன்னார், பெட்டி பொய் சொல்லுதுன்னு. பதினெட்டு வருஷத்துல யாரும் சொல்லாததைத் தாலி கட்டினவர் சொல்லிட்டார். நான் என்ன பதில் சொன்னேன்னு இங்க எழுத முடியாது.

அன்னைக்குச் சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்தா. டீ போட்டுக் கொடுத்தேன், தொடலை. கூட்டி எழுதுன்னு அவ கேக்கலை, அது அவளோட குணம் இல்ல. "இன்னொரு தடவை வேற மாதிரி எதாவது அளந்து பாரேன்டி"ன்னு மட்டும் கேட்டா.

"அளந்தது அளந்ததுதான்க்கா. வேற மாதிரின்னு எதுவும் இல்ல."

எழுந்து போயிட்டா. வாசல் வரைக்கும் போனவ திரும்பிக்கூடப் பார்க்கலை. பாத்திரம் கழுவுற சாக்குல நல்லா அழுதேன். அவ யார்டு மூடுற காகிதத்துல என் கையெழுத்து இருக்கப் போகுதேங்கிற நினைப்புதான் திரும்பத் திரும்ப ஓடுச்சு. ஆனா எண் எண்தானே, அதை நான் என்ன செய்ய முடியும்?

புதன்கிழமை காலையில அடுப்படியில ஏதோ வறுக்கிற சத்தம். போய்ப் பார்த்தா, என் வாணலி, என் கரண்டி, உள்ள ஜல்லி! சின்னத் தீயில வச்சு, எங்க வீட்டு ரோலர்காரர் கடமையாக் கிண்டிக்கிட்டு இருக்கார். முந்தின நாள் ரோட்டுலேருந்து டிபன் டப்பாவுல அடைச்சு எடுத்துட்டு வந்திருக்கார்.

"உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? வாணலி என்ன ஆகும்?"

"வாணலியை விடும்மா. வறுக்கிறதுக்கு முன்னாடி எடை போட்டேன், இப்போ போடுறேன். குறைஞ்சதெல்லாம் தண்ணிதானே? கணக்குப் போட்டா ஆறு வருது. பதினொண்ணு இல்ல, ஆறு!"

"காய்கறி நிறுக்கிற தராசுல ஜல்லியை நிறுத்தா ஆறும் வரும், அறுபதும் வரும்"னு சொல்லிட்டு வாணலியைப் பிடுங்கினேன். உள்ள முழுக்கக் கீறல். அன்னைக்கு முழுக்க அவரோட பேசலை. ஆனா அந்த ஆறு என் மண்டைக்குள்ள உக்காந்துகிட்டு இறங்க மாட்டேன்னுது. பெட்டி வராத காலத்துல, நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, நாங்களும் ரோட்டோரம் அடுப்பு மூட்டி இப்படித்தான் வறுத்து ஈரம் பார்ப்போம். மனுஷன் செஞ்ச முறையில தப்பே கிடையாது.

அவர் வாயை அடைக்கணும், அவ்வளவுதான் என் எண்ணம். கூடத்துக்குப் போனேன். அக்காவோட ஜல்லியைப் பெரிய தட்டுகள்ல நிரப்பி, அடுப்புப் பெட்டிக்குள்ள தள்ளி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். ரோட்டுல அன்னைக்கும் ரோலர் ஓடுச்சு, அன்னைக்கும் தேறலை. அக்கா தெருவோட அந்தப் பக்கமே நின்னா, என் பக்கம் வரவேயில்ல.

வியாழக்கிழமை காலையில காஞ்ச ஜல்லியை எடுத்து ஆற வச்சு, ஒரு ஆழமான மரத்தொட்டியில கொட்டித் தட்டி நிரப்பினேன். பொட்டுத் தண்ணி கிடையாது அதுல. அது மேல பெட்டியை வச்சு பொத்தானை அமுக்கினேன்.

ஈரம் அஞ்சு.

திரும்ப வச்சேன். அஞ்சு. தொட்டியைக் கொட்டி மறுபடியும் நிரப்பி வச்சேன். அஞ்சு! பக்கத்துல குவாரி ஜல்லியும் அதே மாதிரி காய வச்சது கொஞ்சம் இருந்துச்சு. அதுல வச்சா பூஜ்யம்.

பெட்டியோட மூடிக்குள்ள ஒரு கையேடு உறை போட்டுச் சொருகியிருக்கும். முதல் வருஷம் பாதி படிச்சேன், அதுக்கப்புறம் தூசிதான் படிச்சுது. உக்காந்து பக்கம் பக்கமாத் தேடினேன். பின்பாதியில நாலே வரி. பெட்டி தண்ணியைப் பார்க்கிறது கிடையாதாம், ஹைட்ரஜனைத்தான் எண்ணுமாம். அது எங்க இருந்தாலும் தண்ணின்னே கணக்கு வச்சுக்குமாம். பழைய சிமெண்ட் கலந்த பொருளா இருந்தா காய வச்சுப் பார்த்து, அதிகப்படியைக் கழிச்சுக்கணுமாம். மண்ணும் மலைக்கல்லுமே அளந்த எனக்கு அந்த நாலு வரி தேவைப்பட்டதேயில்ல.

சிமெண்டுல தண்ணி ஊத்திக் குழைச்சா, அதுல ஒரு பங்கு காஞ்சு போகாது, சிமெண்டோடயே கல்லாயிடும். அக்கா உடைச்சது நாப்பது வருஷத்துப் பழைய தபால் ஆபீஸ் கட்டடம். அதைக் கட்டுன அன்னைக்கு யாரோ ஒரு கொத்தனார் ஊத்தின தண்ணியை, இன்னைக்குக் காலையில இருக்கிற ஈரம்னு என் பெட்டி எண்ணியிருக்கு. நானும் நம்பி எழுதியிருக்கேன். ரோட்டுல இருந்த நிஜமான ஈரம் ஆறுதான். தாகத்துல கிடந்த ஜல்லியைப் பார்த்து, தண்ணி போதும், தண்ணி போதும்னு மூணு நாளா நான் கத்தியிருக்கேன். என்னை நானே அறையலாமான்னு இருந்துச்சு.

மொத்த எடையில தண்ணியைக் கழிச்சுட்டு மிச்சத்தை வச்சுத்தான் பெட்டி இறுக்கத்தைக் கணக்குப் போடும். அதனால இல்லாத அந்த அஞ்சை ஈரத்துலேருந்து எடுத்துட்டுப் பார்த்தா இறுக்கமும் தொண்ணூத்தாறுக்கு ஏறுச்சு. அப்பவும் தேறாது. ஆனா தண்ணி விட்டா தேறும். அது எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சுது.

இன்ஜினியர் சார்கிட்ட ஓடினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு நெத்தியைத் தேய்ச்சார். "நான் நம்புறேன்மா. ஆனா யோசிங்க. கெடுவுக்கு முந்தின நாள், சொந்த அக்கா ஜல்லிக்கு, தங்கச்சி அஞ்சைக் கழிக்கிறாங்க. மேல இருக்கிறவங்க என்னன்னு பேசுவாங்க?"

"நான் கழிக்கலை சார். தராசு வந்து கழிக்கட்டும்."

தராசுன்னா குவாரிக்காரங்களோட பரிசோதகர். சொந்தத் தராசு இல்லாம எங்கயும் போகாத ஆள், அதனால அந்தப் பேர். அக்கா தோத்தா லாபம் அவர் முதலாளிக்குத்தான். அவரை வரச்சொல்லி, ரோட்டோரத்துல அடுப்பு மூட்டி, நான் பத்தடி தள்ளி நின்னுக்கிட்டேன். அவரே குழி தோண்டி அள்ளினார், நிறுத்தார், வறுத்தார், திரும்ப நிறுத்தார். எடை இறங்குறது நிக்கிற வரைக்கும் விடாம வறுத்தார். சுத்திலும் கூட்டம். வீட்டுக்காரர் ரோலர்லேருந்து எட்டிப் பார்த்துக்கிட்டே இருந்தார்.

தராசு பென்சிலைக் காதுல சொருகிட்டு எங்க இன்ஜினியர் சாரைப் பார்த்தார். "எங்க முதலாளி என்னை உயிரோட விடமாட்டார். ஆறுதான் சார். காஞ்சு கிடக்கு."

நான் ரோலர் பக்கம் திரும்பவே இல்ல. திரும்பியிருந்தா அந்தச் சிரிப்பைப் பார்க்க வேண்டியிருக்கும்.

தண்ணி லாரி வந்துச்சு. அந்த ஜல்லி குடிச்ச குடி இருக்கே! ஒரு லாரி ஊத்தி அரை மணி நேரத்துல ஊத்தின அடையாளமே இல்ல. பழைய காங்கிரீட்டுக்கு உடம்பெல்லாம் ஓட்டை, உறிஞ்சிக்கிட்டே இருக்கும். ரெண்டாவது லாரியும் ஊத்தி, தார்ப்பாய் போட்டு மூடி, ஊறட்டும்னு விட்டுட்டோம்.

வெள்ளிக்கிழமை காலையில பாயை எடுத்தா ஜல்லி கறுத்துப்போய் குளுகுளுன்னு இருக்கு. கலந்து பரப்பி ரோலர் ஏறுச்சு. புழுதி ஒரு துளி இல்ல. அஞ்சைக் கழிச்சு அளந்தேன். நாலாவது தடவை ஓட்டினப்போ தொண்ணூத்தியேழு. ஆறாவது தடவை தொண்ணூத்தியெட்டரை. எட்டாவது தடவை தொண்ணூத்தொன்பது. நூறு மீட்டர்ல பத்து இடத்துல பார்த்தேன், ஒண்ணுகூடக் குறையலை. தராசு அவர் பங்குக்கு மூணு இடத்துல குழி தோண்டி மணல் நிரப்பி இறுக்கத்தைச் சரிபார்த்தார். அதுவும் ஒத்துவந்துச்சு.

வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லலை. ரோலர் ஹாரனை மட்டும் ரெண்டு தடவை அடிச்சார். சொல்லியிருந்தாலாவது பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

அக்கா தெருவைத் தாண்டி வந்தா. என் முன்னாடி நின்னு, என் தோள்ல ஒண்ணு போட்டா. வலிக்கிற மாதிரி. "மூணு நாளாச் சோறு இறங்கலைடி, பாவி"ன்னா. அப்புறம் கட்டிப்பிடிச்சுக்கிட்டா. நடு ரோட்டுல, அத்தனை பேர் முன்னாடி, ரெண்டு கிழடுங்க ஓன்னு அழுதோம். அவ யார்டு ஆளுங்க போன்ல யாருக்கோ, "தேறிடுச்சு, தேறிடுச்சு"ன்னு கத்திக்கிட்டு இருந்தாங்க.

கதை இதோட முடிஞ்சிருந்தா எனக்கு நிம்மதி. சாயங்காலம் அறிக்கை எழுத உக்காந்தேன். இன்ஜினியர் சார் எட்டிப் பார்த்து, "மறுபரிசோதனையில தேறியதுன்னு ஒரு வரி போடுங்க, போதும். முதல் மூணு நாள் கதையெல்லாம் எதுக்கு? உங்க பேரு கெடணுமா?"ன்னார். நல்ல மனசோடதான் சொன்னார். நானும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடப் போனேன்.

அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. இதே பெட்டியால இதே மாதிரி ஜல்லியை நான் இதுக்கு முன்னாடியும் ஒரு தடவை அளந்திருக்கேன். ரெண்டு வருஷம் இருக்கும். ஊரோட அந்தக் கோடியில ஒருத்தர், அக்கா மாதிரியே சின்னதா கிரஷர் வச்சிருந்தவர், ஒரு கிடங்கு முற்றத்துக்கு ஜல்லி கொண்டுவந்தார். பெட்டி ஈரம் அதிகம்னுது. நான் 'ஏற்கத் தகாது'ன்னு எழுதிட்டேன். பதினோரு லாரி அப்படியே திரும்பிப் போச்சு. "அம்மா, வெயில்ல கிடந்து எலும்பாட்டம் காஞ்சிருக்கும்மா"ன்னு அவர் கெஞ்சினார். உங்க கண்ணை நம்பவா, என் பெட்டியை நம்பவான்னு கேட்டவ நான்தான். மறுபடி நினைச்சும் பார்க்கலை.

இன்னைக்கு ஒரு வரியோட முடிச்சா, அக்கா பிழைச்சுக்குவா. அந்த மனுஷனைப் பத்தி நான் எழுதின பொய் மட்டும் அலமாரியில உண்மையாவே கிடக்கும். காகிதத்தைக் கிழிச்சுப் போட்டேன். புதுசா எழுதினேன். பெட்டி எப்படித் தப்பாச் சொல்லுச்சு, கையேட்டுல இருந்ததை நான் எப்படிப் படிக்காம விட்டேன், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி யாரோட ஜல்லியைத் தப்பாத் தள்ளினேன், எல்லாத்தையும். இன்ஜினியர் சார் படிச்சுட்டு, "பதினெட்டு வருஷப் பேரும்மா"ன்னார். "தெரியும் சார்"னு சொல்லி நகல் ஒண்ணு வாங்கிக்கிட்டேன்.

அக்காகிட்ட சொன்னேன். சனிக்கிழமை காலையில வாசல்ல லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஏறுடி"ன்னா.

அந்தக் கிரஷர்காரரைக் கண்டுபிடிக்கக் கஷ்டமா இல்ல. அதே இடத்துலதான் இருந்தார், ஓரமா ஒரு கொட்டகை போட்டு மோட்டார் பம்பு ரிப்பேர் பார்த்துக்கிட்டு. பின்னாடி அந்த ஜல்லிக் குவியல் புல்லு முளைச்சுக் கிடந்துச்சு. கிரஷரைத் தார்ப்பாயால மூடிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். என்னைப் பார்த்த உடனே அடையாளம் தெரிஞ்சுது அவருக்கு. கையில இருந்த ஸ்பானரைக் கீழ வைக்கலை.

நான் சுத்தி வளைக்கலை. "ஐயா, உங்க ஜல்லி நல்ல ஜல்லி. அன்னைக்கு நான் எழுதினது தப்பு"ன்னு சொல்லிக் காகிதத்தை நீட்டினேன்.

நின்னுக்கிட்டே படிச்சார். முகம் சிவந்துச்சு. என்னை அடிச்சாலும் வாங்கிக்கலாம்னுதான் நின்னேன். "ரெண்டு வருஷம்"னார். குவியல் பக்கம் பார்த்துட்டு, "வெளியாளுங்க சொன்னதை விடுங்க. என் பொண்டாட்டியே கேட்டாம்மா, நீங்க சரியாக் காய வைக்கலையோ என்னவோன்னு. இன்னைக்கு வரைக்கும் பதில் சொல்ல முடியலை"ன்னார்.

மன்னிச்சிடுங்கன்னு சொன்னேன்னு நினைக்கிறேன், சத்தம் வந்துச்சான்னு தெரியலை.

அவர் கொட்டகைக்குள்ள பார்த்து, "ஏய், கொஞ்சம் இங்க வா"ன்னு கூப்பிட்டார். அவர் மனைவி கையைத் துடைச்சுக்கிட்டே வந்தாங்க. "இதைப் படி. சத்தமாப் படி."

அந்த அம்மா படிச்சாங்க. 'தவறு பரிசோதகருடையது. பொருளில் குறை ஏதும் இல்லை'ன்னு நான் எழுதின கடைசி வரி வந்தப்போ குரல் தடுமாறிடுச்சு. காகிதத்தை இறக்கிட்டு அவரைப் பார்த்தாங்க. அவர் வேற பக்கம் பார்த்துக்கிட்டு, "கடைசி வரியை இன்னொரு தடவை"ன்னார். படிச்சாங்க.

அக்கா தொண்டையைக் கனைச்சா. "அண்ணே, ஊர் முழுக்க உள்தெரு போடப் போறாங்க. என் ஒருத்தி ஜல்லி பத்தாது. உங்க மெஷின் ஓடுற நிலைமையில இருக்கா?"

"ஓடாம எங்க போகும்? மாசம் ஒரு தடவை எண்ணெய் போட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்"னு கொஞ்சம் கோபமாவே சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமை பெட்டியை எடுத்துக்கிட்டு வாங்க. என் குவியலை மறுபடியும் அளக்கணும். வேற யாரும் வேண்டாம், நீங்களே வந்து அளங்க."

சரின்னு தலையாட்டினேன். அவர் ஸ்பானரைக் கீழ போட்டுட்டு, கிரஷர்கிட்ட போய் கயித்தை அவிழ்க்க ஆரம்பிச்சார். அக்கா அந்த முனைக்குப் போனா, அந்த அம்மா நடுவுல. மிச்சம் இருந்த மூலையை நான் பிடிச்சேன். ரெண்டு வருஷத்து மழையிலயும் வெயில்லயும் முடிச்சு இறுகிப் போயிருந்துச்சு. நகத்தால முடியலை, குனிஞ்சு பல்லால கடிச்சு அவிழ்த்தேன்.